வேணுமா, வேணாமா

வாங்க தம்பி, உக்காருங்க. அந்தச் சேர் ஆடும், இதுல உக்காருங்க. சிவகாசியில இருந்து பஸ்லயா வந்தீங்க, இந்த வெயில்ல? முதல்ல தண்ணி குடிங்க.

கனி இல்லையே. மதுரைக்குப் போயிருக்கா, அந்த ஆஸ்பத்திரிக்குத்தான். பதறாதீங்க, அவளுக்கு ஒண்ணுமில்ல. மேல்வாயில ஓட்டை விழுந்து பிளேட் மாட்டிக்கிட்டு இருக்கிற ஆளுகளை மாசத்துக்கு ஒருக்கா உக்கார வச்சு, டாக்டரம்மா இவளைப் பேசச் சொல்றாங்க. தனியாத்தான் போறா. நான் கூட்டிட்டுப் போறேன்னேன், பஸ்லயே போய்க்கிறேன்னுட்டா. வர சாயங்காலம் ஆகும். அதுக்கென்ன, அவகிட்டக் கேக்க வந்ததை என்கிட்டக் கேளுங்க. அவளுக்கு நடந்தது அவளை விட எனக்குத்தான் நல்லாத் தெரியும். அவ மயக்கத்துலதான கெடந்தா. முழிச்சுக்கிட்டுப் பாத்தது நான்.

உங்க தங்கச்சிக்கும் இதேதானா. கட்டி எடுத்தாச்சு, புத்துநோய் இல்லன்னு சொல்லியாச்சு, ஓட்டை இருக்கு, பிளேட் இருக்கு. இப்ப நாக்குல இருந்து சதை எடுத்து அந்த ஓட்டையை அடைக்கலாம்ங்கிறாங்க. செய்யணுமா வேணாமா, அதானே கேள்வி. சொல்றேன். முழுசாக் கேட்டுட்டுப் போகணும், பாதியில பயந்து எந்திரிச்சிறக் கூடாது.

வாசல்ல நிக்கிதுல்ல ஆட்டோ, மேல ரெண்டு ஸ்பீக்கர் கொழாய் கட்டி, அதுதான் புருசன் பொண்டாட்டி எங்க ரெண்டு பேர் பொழப்பு. விளம்பர ஆட்டோ. நான் ஓட்டுவேன், அவ பின்னாடி உக்காந்து மைக்ல பேசுவா. துணிக்கடையில ஆடித் தள்ளுபடி, பள்ளிக்கூடத்துல கண் முகாம், நாளைக்குக் குழாயில தண்ணி வராது, இன்னார் காலமாயிட்டார், இன்ன நேரத்துக்கு எடுக்கிறாங்க, எல்லாம் இந்த அருப்புக்கோட்டைக்கு அவ வாயாலதான் தெரியும். மத்த ஆட்டோவுல ஆம்பளைங்க கத்துவாங்க. இவ கத்த மாட்டா. பக்கத்து வீட்டுக்காரி சுவத்துக்கு மேல தலையை நீட்டிச் சொல்ற மாதிரி சொல்லுவா. சாவுச் செய்தியை அவ சொன்னா, செத்தவரைத் தெரியாதவங்க கூட வாசலுக்கு வந்து நிப்பாங்க. முதல்ல நான்தான் மைக் பிடிச்சேன். ஒரு நாள் எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சுன்னு அவ கையில குடுத்தேன். அதோட சரி. நான் கத்துக் குடுத்ததுதான் எல்லாம்.

அப்பிடி இருக்கும்போதுதான் மேல்வாயில ஒரு பட்டாணி கணக்கா தட்டுப்படுதுன்னா. டார்ச் அடிச்சுப் பாத்தேன். சூட்டுக் கட்டி, மோரு குடின்னேன். குடிச்சா. அது பாட்டுக்கு வளந்துச்சு. வலி கிடையாது. வலிச்சிருந்தா நானே கூட்டிட்டுப் போயிருப்பேன். நெல்லிக்காய் அளவுக்கு ஆனப்பறம் பேச்சு மாறுச்சு. வாயில பணியாரத்தை வச்சுக்கிட்டுப் பேசுற மாதிரி. துணிக்கடை முதலாளி ஒரு நாள், ஏன் தவசி, அக்கா என்னத்த மென்னுக்கிட்டே பேசுதுன்னார். அன்னைக்கு ராத்திரியே அவ சேலையை எடுத்து வச்சுட்டா. நீங்க வந்தா வாங்க, வராட்டி நான் போறேன், மதுரைக்குப் போய்க் காட்டாம விட மாட்டேன்னா.

சதையைக் கொஞ்சம் கிள்ளி எடுத்து சோதனைக்கு அனுப்பினாங்க. முடிவு வர்ற வரைக்கும் இருந்தோம் பாருங்க, அது மனுசன் இருக்கிற இருப்பு இல்ல. சோறு உள்ள போகல எனக்கு. மூணு கோயிலுக்கு நேந்துக்கிட்டேன். அவ சத்தமில்லாம வீட்டைக் கழுவுனா, பரண்ல கெடந்த பாத்திரத்தை எல்லாம் எறக்கி வெளக்குனா. எதுக்கு இப்பன்னு கேட்டா, எது எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியணும்ல அப்பிடின்னா. வீட்டு வேலையில அவ அப்பிடி ஒரு சுத்தம்.

முடிவு வந்தன்னைக்கு டாக்டரம்மா எங்க ரெண்டு பேரையும் உக்கார வச்சுச் சொன்னாங்க. புத்து இல்ல, எச்சில் சுரக்கிற எடத்துல வர்ற சாதாக் கட்டி. ஆனா விட்டா வளரும், அரைகுறையா எடுத்தாத் திரும்ப வரும். அதனால மேல இருக்கிற எலும்பையும் கொஞ்சம் சேத்து எடுக்கணும், வாய்க்கும் மூக்குக்கும் நடுவுல ஓட்டை விழும்னு சொன்னாங்களாம். எனக்குப் புத்து இல்லைங்கிறதுக்கு அப்பறம் ஒண்ணும் காதுல விழல. கைக்குட்டையை எடுத்து மூஞ்சியை மூடிக்கிட்டு அழுதுட்டேன். கனிதான் மத்ததை எல்லாம் கேட்டுக்கிட்டா. எலும்பு எவ்வளவு போகும், பேச்சு வருமா, அதை எப்ப அடைப்பீங்கன்னு. அடைக்கிறதைப் பத்தி அன்னைக்கே கேட்டிருக்கா தம்பி. எனக்கு அப்பறந்தான் தெரியும்.

கட்டியை எடுத்தாச்சு. தற்காலிகமா ஒரு பிளேட்டை வச்சு ஓட்டையை மூடியிருந்தாங்க. கொஞ்ச நாள் கழிச்சு அதைக் கழட்டித் தொடைக்கும்போது, வாய் வறண்டு போச்சேன்னு ஒரு கரண்டி பால் குடுத்தேன். குடுக்கக் கூடாதாம், எனக்கென்ன தெரியும். வாயில போன பால் மூக்கு வழியா வந்திருச்சு. அவ முகத்தை நான் பாத்தேன். எத்தனை சாவுச் செய்தி சொல்லியிருப்பா, அவ முகம் அப்பிடி ஆகி நான் பாத்ததில்ல.

பேச்சும் அப்பிடித்தான் ஆச்சு. உங்களுக்குத் தெரியாததா, தங்கச்சி பேசுறதைக் கேக்கிறீங்கள்ல. காத்தெல்லாம் மூக்குல போயிரும். காப்பின்னு சொன்னா ஙாம்மின்னு வரும். பாதி எழுத்து ஒரே மாதிரி கேக்கும். புதுப் பிளேட் போட்டா ஓரளவு தெளியும். ஆனா அது கடிச்சுப் புண்ணாக்கும், ஓட்டை சுருங்கச் சுருங்க லொடலொடன்னு ஆடும். வீட்டுல இருக்கிற நேரம் கழட்டி டம்ளர் தண்ணியில போட்டு வச்சிருவா. ஒரு சிலேட்டு வாங்கி எழுதிக் காட்டிக்கிட்டு இருந்தா. நான்தான் அதை எடுத்து மேல வச்சேன். வர்றவன் போறவன் எல்லாம் நின்னு படிக்கணுமா. புருசன் நான் எதுக்கு இருக்கேன். அவ வாயைத் தொறந்தாலே என்ன சொல்ல வர்றான்னு எனக்குத் தெரிஞ்சிரும். பால்காரர்ல இருந்து பக்கத்து வீடு வரைக்கும் நான்தான் எடுத்துச் சொல்லுவேன். பெருமைக்குச் சொல்லல தம்பி, அந்த ஒரு வருசம் அவளுக்கு நாக்கே நான்தான்.

எங்க மக சுபா திருப்பூர்ல இருக்கா, கைக்குழந்தைக்காரி. போன் பண்ணி, அம்மா நான் வந்து கொஞ்ச நாள் உன்கூட இருக்கவான்னு கேட்டா. கனி போனைப் பிடிச்சுக்கிட்டு என்னமோ சொல்றா, அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் புரியல, என்னம்மா, என்னம்மாங்குது. நான் வாங்கி, அம்மா வர வேணாம்ங்கிறாத்தா, பச்சப்பிள்ளையோட அலையாதங்கிறான்னு சொன்னேன். கனிக்குக் கண்ணு கலங்கிருச்சு. மகளை நெனச்சா யாருக்குத்தான் கலங்காது.

பொழப்பையும் நான் விடல. அவ குரலை ஏற்கெனவே பென் டிரைவ்ல ஏத்தி வச்சிருந்தேன். துணிக்கடைக்கு, கண் முகாமுக்கு, தண்ணி வராதுங்கிறதுக்கு எல்லாம் தனித்தனியா இருக்கு. தேதியை மட்டும் நான் மைக்ல சேத்துச் சொல்லிக்கிருவேன். அவ வீட்டுல இருப்பா, அவ குரல் ஊரைச் சுத்திக்கிட்டு இருக்கும். நம்ம தெருவுக்குள்ள வரும்போது வாசலுக்கு ஓடி வந்து ரெண்டு கையையும் ஆட்டுவா. நானும் கையை ஆட்டிட்டு, அவ சந்தோசத்துக்காகச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைப்பேன். அப்பறம் என்ன கோவமோ, ஆட்டோ சத்தம் கேட்டாலே ஜன்னலைச் சாத்த ஆரம்பிச்சா. ஒடம்புக்கு முடியாதவங்களுக்கு வெளிச்சம் ஆகாதுல்ல.

இப்பிடியே ஒரு வருசம் ஓடுச்சு. கட்டி திரும்ப வரலைன்னு ஸ்கேன்ல தெரிஞ்சிருச்சு. அன்னைக்குத்தான் டாக்டரம்மா அந்தப் பேச்சை எடுத்தாங்க. பிளேட்டைக் கழட்டித் தட்டுல வச்சுட்டு, லைட் அடிச்சு மேல்வாயைப் பாத்தாங்க.

"ஓட்டையை அடைச்சிரலாம்மா. நாக்கோட மேல்பக்கம் கொஞ்சம் சதையை உரிச்செடுத்து, ஒரு பக்கம் நாக்கோட இருக்கும்போதே மறுபக்கத்தை ஓட்டையில வச்சுத் தைச்சிருவோம். அங்க ரத்த ஓட்டம் பிடிக்கிற வரைக்கும் மூணு வாரம் நாக்கும் மேல்வாயும் ஒட்டித்தான் இருக்கும். பேச முடியாது, மெல்ல முடியாது. சில பேருக்குச் சதை பிடிக்காமப் போறதும் உண்டு, அதையும் சொல்லிறணும். உங்களுக்கு வேணுமா?"

நாக்கைக் கொண்டுபோய் மேல்வாயில வச்சுத் தைக்கிறதுங்கிறது கேக்கிற வார்த்தையா. கனி என்னமோ சொன்னா. வேணும்னாலும் வேணாம்னாலும் அவ வாயில அப்ப ஒரே காத்துதான். டாக்டரம்மா என்னைப் பாத்தாங்க.

"வேணாம்ங்கிறா"ன்னேன்.

கனி என் கையில அடிச்சா. பயந்துட்டா போலன்னு கையைப் பிடிச்சுக்கிட்டேன். டாக்டரம்மா, சரி, அப்ப பிளேட்டையே கொஞ்சம் சரி பண்ணித் தாரேன்னு பேனாவை எடுத்துட்டாங்க. இவ என் கையை உதறிட்டு அந்த நாக்காலியில இருந்து எறங்குறா. கழுத்துல கட்டுன துணியோட போயி, தட்டுல கெடந்த பிளேட்டை எடுத்து, ஈரத்தோட வாயில அமுக்கி மாட்டிக்கிட்டு டாக்டரம்மா முன்னால நின்னா.

"வேணும். நான் வேணும்னுதான் சொன்னேன் டாக்டர்."

"நல்லா யோசிச்சுக்கிட்டீங்களாம்மா?"

"ஒரு வருசமா அதைத்தான் யோசிக்கிறேன். இனிமே என்ன கேக்கிறதா இருந்தாலும் என்னைக் கேளுங்க. பிளேட் மாட்டிக்கிட்டுப் பதில் சொல்றேன்."

ஒரு நிமிசத்துக்குள்ள மனசை மாத்திக்கிட்டா, பாத்துக்கங்க. அத்தனை பேர் முன்னாலயும் எனக்குத் தலைகுனிவா இருந்துச்சு. வர்ற வழியில கேட்டேன், இந்தப் பிளேட்டுக்கு என்ன கொறைச்சல், உனக்கு என்ன தேவையோ எடுத்துச் சொல்ல நான் இருக்கேன்ல. அதுக்கு அவ, "நீங்க இருக்கீங்க. அதான்" அப்பிடின்னா. நான் இருக்கிற தைரியத்துலதான் இதுக்கே துணிஞ்சிருக்கா. அதுக்கு மேல நான் என்ன சொல்ல முடியும். சம்மதிச்சிட்டேன்.

தியேட்டருக்குள்ள கொண்டு போனப்பறம் கதவைப் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒருத்தர் வெளிய வந்தா எந்திரிப்பேன், வேற ஆளைக் கூப்பிடுவாங்க, உக்காருவேன். மயக்கம் குடுக்கிறவர் முன்னாடியே சொல்லியிருந்தார், நாக்கு மேல ஒட்டியிருக்கிறதால முழிக்கும்போது மூச்சுக்குக் கொஞ்சம் செரமப்படலாம், பக்கத்துலயே ஆள் இருப்போம்னு. அந்தக் கொஞ்சங்கிற வார்த்தையை வச்சுக்கிட்டு நான் பட்ட பாடு சொல்லி முடியாது. செத்துப் போயிருவாளோன்னு நெனச்சேன். உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. அவ செத்துட்டா ஊருக்கு யார் சொல்லுவா, எப்பவும் அவதான சொல்லுவா, அப்பிடி எல்லாம் புத்தி போச்சு.

வெளிய கொண்டாந்தாங்க. வாய் பாதி தொறந்திருக்கு. நாக்கு மேல ஏறி ஒட்டிக்கிட்டு நிக்கிது. என்னமோ சொல்ல ஆரம்பிச்சு நடுவுல நிறுத்தி வச்ச மாதிரி ஒரு முகம். மூக்கு வழியா டியூப் விட்டிருந்தாங்க, கஞ்சித் தண்ணி ஊத்த. கண்ணைத் தொறந்து சுத்திப் பாத்தா. நான் கையைப் பிடிச்சேன். பிடிச்சுக்கிட்டா. அதை நான் மறக்க மாட்டேன்.

ஒரு வாரத்துல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. தும்மக் கூடாது, இருமக் கூடாது, சிரிக்கக் கூடாது, நாக்கை இழுக்கவே கூடாதுன்னு பத்து தடவை சொன்னாங்க. ரத்தம் வந்தா என்ன செய்யணும்னும் சொல்லிக் குடுத்தாங்களாம். அதைச் சொல்லும்போது நான் மருந்து வாங்கக் கீழ போயிட்டேன். கனி கேட்டுக்கிட்டா.

வீட்டுல எல்லாம் நான்தான். கஞ்சி வடிகட்டுறது, ஊசிக் கொழாயில எடுத்து டியூப்ல விடுறது, துணி தொவைக்கிறது. அவ பேச முடியாததால அவளுக்கும் சேத்து நானே பேசிக்கிட்டு இருப்பேன். வீடு வெறிச்சுன்னு இருக்கக் கூடாதுல்ல. பக்கத்து வீட்டுக்காரங்க பாக்க வந்தா, கனிக்குச் சந்தோசம், கனி ஒங்களைப் பத்தித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தான்னு நான் சொல்லுவேன். அவ சுவத்தைப் பாத்துக்கிட்டு இருப்பா.

ஒரு நாள் மத்தியானம், நானும் எத்தனை நாள்தான் அவ கஞ்சியையே குடிக்கிறதுன்னு, ஒரு புளிக்கொழம்பு வச்சேன். ரெண்டே ரெண்டு மிளகாய் வத்தலைத்தான் எண்ணெயில போட்டேன். இந்த வீடு கட்டினவன் அடுப்படிக்கு ஒரு ஜன்னல் வைக்கல, நெடி நேரா அந்த ரூமுக்குத்தான் போகும். அவன் மேலதான் தப்பு. கனி மூக்கைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சு வாசலுக்கு ஓடப் பாத்தா. ஓடுறதுக்குள்ள தும்மிட்டா. ஒரு தும்மல் இல்ல, அடுக்கடுக்கா நாலஞ்சு.

வாயில இருந்து ரத்தம் வந்துச்சு. முதல்ல சொட்டுச் சொட்டா, அப்பறம் நாடியில வழிஞ்சு சேலையில. ஆம்புலன்சுக்குச் சொன்னா வர நேரமாகும், நம்ம வண்டியிலயே மதுரைக்குப் போயிரலாம்னு தூக்கி ஆட்டோவுல போட்டேன். பின்சீட்டுல மல்லாக்கச் சாய்ச்சுப் படுக்க வச்சேன், ரத்தம் வெளிய போகாம இருக்கட்டும்னு. அவ எந்திரிக்கப் பாக்கிறா. படு, படுன்னு அமுக்கிட்டு வண்டியை எடுத்தேன்.

ரோட்டுல ஏறினதும் அவ கம்பியைத் தட்டுறா. டொக் டொக்குன்னு. வேகமாப் போகச் சொல்றா. போறேன் கனி, போறேன்னு முறுக்கினேன். மறுபடியும் தட்டுறா. இதுக்கு மேல இந்த வண்டி போகாது கனின்னு சொல்லிக்கிட்டே இன்னும் முறுக்கினேன். என் தோளைப் பிடிச்சு இழுத்தா. கவலைப்படாத, நான் இருக்கேன்னேன். திரும்பிப் பாக்க முடியல, எதுத்தாப்புல லாரியா வருது. கண்ணாடியில பாத்தா அவ தெரியல. பின்னாடி இருந்து களகளன்னு ஒரு சத்தம் மட்டும் வருது. தண்ணிக்குள்ள மூச்சு விடுற மாதிரி.

காரியாபட்டி தாண்டியிருப்போம். என் தலைக்கு மேல இடி விழுந்த மாதிரி டம்முன்னுச்சு. மறுபடியும் டம். டம். ரோட்டுல போற வர்றவன் எல்லாம் நின்னு பாக்கிறான். என்னன்னா, பின்சீட்டுக்குக் கீழ இருக்கிற ஆம்ப்ளிஃபயரைப் போட்டுட்டு, மைக்கை எடுத்துக் கம்பியில அடிச்சிருக்கா. ரெண்டு கொழாயும் அலறுது. எனக்கு அப்பவும் வெளங்கல. ஒரு லாரிக்காரர் பக்கவாட்டுல வந்து என்னை ஓரத்துக்கு ஒதுக்கிட்டு, யோவ், வண்டியை நிறுத்திட்டுப் பின்னாடி பாருய்யான்னு சத்தம் போட்டார்.

நிறுத்தினேன். நிறுத்துறதுக்குள்ள அவளே எறங்கிட்டா. ரோட்டு ஓரம் ஜல்லியில முட்டிக்கால் போட்டு, ரெண்டு கையையும் ஊணி, தலையைக் கீழ தொங்கப் போட்டா. வாயில இருந்து ரத்தம் கட்டி கட்டியா விழுந்துச்சு. அப்பறம் மூச்சை இழுத்தா பாருங்க ஒரு இழுப்பு. கிணத்துல முங்கினவன் வெளிய வந்து இழுக்கிற மாதிரி. அந்தச் சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. நான் கிட்டப் போனேன். கையை என் பக்கம் நீட்டி ஆட்டினா. காத்து வேணும்ங்கிறான்னு தோள்ல கெடந்த துண்டை எடுத்து வீசினேன்.

ரத்தம் வந்தா முன்னால குனியணுமாம், மல்லாக்கப் படுத்தா தொண்டைக்குள்ள போயி மூச்சு அடைச்சிருமாம். அதை முன்கூட்டியே என்கிட்ட யாராவது சொல்லியிருக்கலாம். லாரிக்காரர்தான் ஆம்புலன்சுக்குப் போன் போட்டார். அது வந்ததும் அவ மட்டும் ஏறிக்கிட்டா. நான் ஏறப் போனப்ப, ஆட்டோவைக் கைகாட்டினா. பாருங்க, அந்த நேரத்துலயும் வண்டியை ரோட்டுல விட்டுறக் கூடாதுன்னு அவளுக்கு நெனப்பு.

பின்னாடியே விரட்டிக்கிட்டுப் போனேன். சதையோட ஒரு ஓரம் பிஞ்சிருந்துச்சாம். மறுபடி தைச்சாங்க. டாக்டரம்மா வெளிய வந்து, இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது, சதை சிவப்பா இருந்தாப் பொழைச்சுக்கிச்சு, கருத்துச்சுன்னா எடுத்துற வேண்டியதுதான், ஓட்டை பழையபடி ஆயிரும்னாங்க. அடுத்த சில நாள் காலையில எந்திரிச்சா எனக்கு அந்த ஒரே கேள்விதான். என்ன நெறம்? நர்சுகிட்டக் கேப்பேன். ஊதா மாதிரி இருக்குன்னு ஒரு நாள் சொல்லுச்சு. ஊதான்னா கருப்பா சிவப்பாம்மான்னு கேட்டேன். ரெண்டும் இல்லைங்கய்யான்னுட்டுப் போயிருச்சு. அன்னைக்கு முழுக்க ஆஸ்பத்திரிப் படிக்கட்டுலயே உக்காந்திருந்தேன்.

ஏன் படிக்கட்டுலன்னா, வார்டுக்குள்ள என்னை விடல. மத்த புருசன்மாரெல்லாம் போறாங்க, வர்றாங்க. கேட்டா, பேசண்டு எழுதிக் குடுத்திருக்காங்க, அவங்க அசதியா இருக்காங்க, நீங்க பாக்கிற நேரத்துல மட்டும் வாங்கங்குது அந்த நர்சு. கனி அப்பிடி எழுதுவாளா. ஆஸ்பத்திரியில வேலை கூடிப் போச்சுன்னா ஏதாவது சாக்குச் சொல்லத்தான் செய்வாங்க.

சிவப்புக்கு வந்துச்சு தம்பி. கடைசியில வந்துருச்சு. டாக்டரம்மாவே படிக்கட்டுக்கு எறங்கி வந்து சொன்னாங்க.

மேல்வாயோட ஒட்டியிருந்த நாக்கை வெட்டி விடுற அன்னைக்கு என்னையும் உள்ள கூப்பிட்டாங்க. மரத்துப் போக ஊசி போட்டு, இம்புட்டு நேரத்துல முடிச்சிட்டாங்க. நாக்கு கீழ எறங்கி அது எடத்துல படுத்துச்சு. அவ வாயை மூடினா. எத்தனையோ நாளைக்கு அப்பறம் உதடு ரெண்டும் சேந்துச்சு. மரப்பு தெளியட்டும்னு கொஞ்ச நேரம் உக்கார வச்சு, டாக்டரம்மா ஒரு டம்ளர் தண்ணி குடுத்தாங்க.

"மெதுவாக் குடிங்கம்மா."

ஒரு மடக்கு குடிச்சா. மூக்குக்குக் கீழ கையை வச்சுப் பாத்தா. ஈரம் இல்ல. இன்னொரு மடக்கு. மறுபடி தொட்டுப் பாத்தா. அப்பறம் தலையை அண்ணாந்து மொத்தத்தையும் குடிச்சுட்டா. நான் முன்னால போய் நின்னுக்கிட்டேன். முதல் வார்த்தை என்னைப் பாத்துத்தான் வரும், என்னங்கன்னுதான் கூப்பிடுவான்னு எனக்குத் தெரியும். அவ டாக்டரம்மாகிட்ட டம்ளரை நீட்டினா.

"இன்னொரு டம்ளர் குடுங்க."

தடிச்ச நாக்குதான், கொழகொழன்னுதான் வந்துச்சு. ஆனா மூக்குல போகல. ட வந்துச்சு, க வந்துச்சு. அங்க இருந்த எல்லாருக்கும் வெளங்குச்சு. நான் பழக்கத்துல, இன்னொரு டம்ளர் தண்ணி கேக்கிறான்னு சொன்னேன். தெரியுதுங்க அய்யான்னு டாக்டரம்மா சிரிச்சாங்க.

ரெண்டாவது என் போனைக் கேட்டு வாங்கினா. சுபாவுக்குப் போட்டா. அந்தப் பக்கம் அந்தப் பிள்ளை அழுகுது, இந்தப் பக்கம் இவ அழுகிறா. அதுக்கு நடுவுல, "நான் உன்னை வராதன்னு சொல்லவே இல்லையேடி, எப்ப வருவ எப்ப வருவன்னுதான கேட்டேன்" அப்பிடிங்கிறா. மயக்க மருந்து நெறைய குடுத்தா ஞாபகம் பிசகும்னு சொல்லுவாங்க. நான் ஒண்ணும் திருத்தல. மக மறுநாளே பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வந்து ரெண்டு மாசம் இருந்துட்டுப் போனா. அந்த ரெண்டு மாசமும் ஆத்தாளும் மகளும் கதவைச் சாத்திக்கிட்டுப் பேசுன பேச்சுக்கு அளவில்ல.

பேச்சுப் பயிற்சின்னு ஒண்ணு உண்டு, உங்க தங்கச்சிக்கும் சொல்லுவாங்க. கண்ணாடி முன்னால நின்னு பா பா, கா காம்பா. மூக்குக்குக் கீழ ஒரு சின்னக் கண்ணாடித் துண்டைப் பிடிச்சு, ஆவி படியுதான்னு பாப்பா. விடாம செஞ்சா. பழைய குரல் முழுசா வரல, அதையும் சொல்லிறணும். சா, சீயெல்லாம் லேசா விசிலடிச்சுக்கிட்டு வரும். துணிக்கடை முதலாளி என்னைத் தனியாக் கூப்பிட்டு, பழைய ரிக்கார்டையே போடு தவசின்னார். எனக்கும் அதான் சரின்னு பட்டுச்சு. அதுல என்ன கொறை, தெளிவா இருக்கு. கனிகிட்ட சொன்னேன். அவ பென் டிரைவை உருவி எடுத்து அவ பையில போட்டுக்கிட்டா.

"அந்தப் பொம்பள வேலையை விட்டு நின்னுட்டான்னு அவர்கிட்டச் சொல்லுங்க. இனிமே நான்தான் பேசுவேன்."

முதல்ல அவ சொன்னது ஒரு சாவுச் செய்தி. ரிட்டயரான போஸ்ட்மேன் ஒருத்தர். நான் பயந்துக்கிட்டே ஓட்டினேன், எங்கயாவது சனங்க சிரிச்சிருவாங்களோன்னு. அவ நிறுத்தி நிறுத்திச் சொன்னா. விசில் வர்ற எடத்துல வரட்டும்னு விட்டுட்டா. எல்லா வாசல்லயும் ஆள் வந்து நின்னாங்க. ஒருத்தர் சிரிக்கல. கறிக்கடைக்காரர் கத்தியைக் கீழ வச்சுட்டுக் கேட்டார்.

இப்ப ஊரெல்லாம் பேசுறா தம்பி. வண்டியில பேசுறா, ஆஸ்பத்திரியில பேசுறா, போன்ல மககிட்ட மணிக்கணக்கா பேசுறா. வீட்டுல என்கிட்டப் பேச்சு கம்மிதான். சாப்பிடுங்க, கதவைச் சாத்துங்க, அவ்வளவுதான். எனக்கு அதுல வருத்தம் ஒண்ணும் இல்ல. என்கிட்ட எதுக்கு அவ வாயைத் தொறந்து சொல்லணும். சொல்லாமலே புரிஞ்சுக்கிற ஆளு நான்.

ஆக, நீங்க கேட்டதுக்கு என்ன பதில்னா, நல்லா யோசிங்க. வேதனை கொஞ்சம் நஞ்சம் இல்ல. பிளேட்டோட இருந்துக்கிறதும் ஒண்ணும் குத்தமில்ல, பக்கத்துல புரிஞ்சுக்கிற ஆளு ஒருத்தர் இருந்தா. உங்க தங்கச்சிக்கு நீங்க இருக்கீங்கள்ல. தங்கச்சி என்ன சொல்லுது? வேணாம்ங்குதா? அப்பிடித்தான் கேக்குதா உங்களுக்கு. ம்.

இருங்க, போன் வருது. கனிதான்.

சொல்லு கனி. எங்க வர்ற? சரி. இங்க சிவகாசியில இருந்து ஒரு தம்பி வந்திருக்கு. ஆமா, தங்கச்சிக்கு. நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன், ஒண்ணு விடாம. நீ அலைய வேணாம், மெதுவா வா. எதுக்கு? நான்தான் சொல்லிட்டேங்கிறேன்ல. சரி, சரி. குடுக்கிறேன்.

இந்தாங்க தம்பி. உங்ககிட்டப் பேசணுமாம். பஸ்ல இருந்தே பேசுறா. முதல்ல இருந்து அவ சொல்றாளாம்.

காதுல வைக்காதீங்க. அந்த ஸ்பீக்கரைப் போட்டு இப்பிடி நடுவுல வைங்க. நானும் கேக்கிறேன்.